விழும் எழுத்துகளும் கைசுவின் குரலும்

கொய்வுயார்வி,
செப்டம்பர் 22

என் நுப்பு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. வாயால் கூப்பிட்டதற்குக் கணக்கே இல்லை. பிறந்தபோது பூ மொட்டு மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு கிடந்தாய், அதனால் நுப்பு, மொட்டு. கல்லறைக் கல்லில் கைசு என்று வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு யாரையோ புதைத்துவிட்டு வந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

தேவாலயத்திலிருந்து அன்னெலி வந்திருந்தாள். துக்க வீடுகளுக்குப் போய்க் காபி குடித்து ஆறுதல் சொல்வது அவள் வேலை. "உங்க தங்கச்சிக்குக் கடுதாசி எழுதுங்க ரையா, மனசு லேசாகும்" என்றாள்.

"செத்தவளுக்கா?"

"அவங்க படிக்கணும்னு இல்ல. நீங்க எழுதணும்."

"எழுத்து வர்றவங்களுக்குச் சொல்ற வைத்தியத்த எனக்குச் சொல்றீங்களே" என்றேன். அவள் சிரித்துவிட்டு இன்னொரு பன் எடுத்துக்கொண்டாள். எழுத்துக்கும் எனக்கும் உள்ள சண்டை உனக்குத்தான் தெரியும். வரிகள் என் கண்ணுக்கு நேராக நிற்பதில்லை. எழுதுவதைக்கூட எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன், படிப்பதுதான் வராது. வீட்டுக்கு வரும் காகிதத்தையெல்லாம் நீதான் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அர்த்தம் சொல்வாய். இப்போது காகிதங்கள் சமையலறை மேசையில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. நான் அவற்றின் மேல் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை வைத்துவிடுகிறேன்.

உன் லெம்பி பள்ளிக்கூடம் போகிறாள். முதல் வகுப்பு. காலையில், இருட்டில் வண்டி வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் வில்லையைக் கோட்டில் மாட்டிவிட்டு வாசல் வரை போகிறேன், அதற்கு மேல் வர வேண்டாம் என்கிறாள். அரிச்சுவடி கொடுத்திருக்கிறார்கள், அட்டையில் சேவல் போட்டது. படிக்கிற பிள்ளைக்கு ராத்திரியில் சேவல் மிட்டாய் போடும் என்று நம் சின்ன வயதில் சொன்ன மாதிரியே நானும் புத்தகத்துக்குள் ஒரு மிட்டாயை வைத்து, "பாருடி, நீ படிச்சதுக்குச் சேவல் போட்டிருக்கு" என்றேன்.

"சேவல் முட்டையே போடாது பெரியம்மா. மிட்டாய் எப்படிப் போடும்?"

உன் வாய் அப்படியே அவளுக்கு. மிட்டாயை மட்டும் தின்றுவிட்டாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. நம் அப்பாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, உன்னைத் தாண்டிப்போய் உன் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. வாசிப்பு வராத பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்கும் டீச்சர் ஒருத்தி இருக்கிறாள், எர்யா என்று பேர். நல்ல மாதிரி. ஒரு கணினி விளையாட்டைக் கொடுத்திருக்கிறாள். மேலிருந்து எழுத்துகள் விழும், காதில் ஒரு ஒலி கேட்கும், அந்த ஒலிக்கு உரிய எழுத்து தரையைத் தொடுவதற்குள் அழுத்த வேண்டும், சரியாக அழுத்தினால் நட்சத்திரம் சேரும். உன் பழைய மடிக்கணினியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் காது கேட்பதில்லை.

அவள் அப்பன் நார்வேயிலிருந்து ஒரு படம் போட்ட அட்டை அனுப்பினான். மீன்பிடிப் படகு. அவ்வளவுதான்.

களைப்பாக இருக்கிறது நுப்பு. சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது நின்றபடியே தூங்கிவிடுகிறேன்.

உன் அக்கா
ரையா


கொய்வுயார்வி,
அக்டோபர் 19

நுப்பு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த வாரம் இலையுதிர் விடுமுறை. இன்று லெம்பி கூடப் படிக்கும் பெண்ணின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். நான் மேசையைத் துடைத்தேன். மடிக்கணினி திறந்தே இருந்தது, ஹெட்போன் ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே கிடந்தது. இந்தப் பிள்ளை அப்படி என்னதான் கேட்கிறது என்று மாட்டிப் பார்த்தேன்.

நீ பேசினாய்.

"ம்ம்ம்" என்றாய். பிறகு "ர்ர்ர்" என்றாய்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். துடைத்த துணி கையிலேயே இருந்தது.

பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீ யுவாஸ்குலா நகரத்தில் பல்கலைக்கழக உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தபோது, வரிசையில் தட்டோடு நின்ற ஒருவர், "உங்க குரல் ரொம்பத் தெளிவா இருக்கு, பிள்ளைங்களுக்காக ஒரு வேலை இருக்கு, வர்றீங்களா" என்று கேட்டதாகச் சொன்னாய். அப்போது லெம்பி பிறக்கவில்லை. ஒரு வாரம் தினமும் குரல் பதிவு செய்யும் ஒரு சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்து எழுத்துகளின் ஒலியைச் சொல்லிவிட்டு வந்தாய். "அக்கா, இன்னிக்கு முழுக்கப் பாம்பு மாதிரி ஸ்ஸ்ஸ்னு சொல்லிட்டு வந்திருக்கேன், என் பொழப்பப் பாரு" என்று போனில் சிரித்தாய். அந்த வாரம் உனக்கு ஜலதோஷம். அந்த "ம்ம்ம்" இன்னும் மூக்கடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை வைத்துத்தான் நீ என்பது எனக்கு உறுதியானது.

அதெல்லாம் பழைய கதை, அந்த விளையாட்டு எங்கேயோ போயிருக்கும் என்று நினைத்து மறந்தே போனேன். நீயும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இத்தனை வருடமாக நீதான் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

லெம்பிக்குத் தெரியுமா? தெரியவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் "ம்ம்ம்", "ர்ர்ர்" தானே, குழந்தைக்கு எப்படி அடையாளம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் கேக் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். தெரியாமலிருந்தால் தெரியாமலே இருக்கட்டும்.

கண்ணீர் வரவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை.

ரையா


கொய்வுயார்வி,
நவம்பர் 10

என் நுப்பு,

சகல பரிசுத்தவான்கள் நாளுக்கு உன் கல்லில் விளக்கேற்றிவிட்டு வந்தோம். காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினேன்.

வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பதினோரு மணிக்கு மேல்தான் போகிறேன், லெம்பி பள்ளி முடிந்து பிள்ளைகள் காப்பகத்தில் இருப்பாள், திரும்பும்போது கூட்டிக்கொண்டு வருவேன். அதனால் காலையில் கொஞ்ச நேரம் வீட்டில் நான் மட்டும். அந்த நேரத்தில் என்ன செய்கிறேன் என்று உனக்குச் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நான் விளையாடுகிறேன்.

லெம்பியின் பேரைத்தான் அழுத்துகிறேன், அவள் பேருக்குப் பக்கத்தில் ஒரு நரிப் படம். எழுத்துகள் விழுகின்றன. நீ ஒலி சொல்கிறாய். சரியான எழுத்தை அழுத்தினால் ஒரு மணிச் சத்தம், நீ ஒன்றும் சொல்வதில்லை. தப்பானதை அழுத்தினால் சரியான எழுத்து மினுக்குகிறது, நீ அதே ஒலியைத் திரும்பச் சொல்கிறாய், மெதுவாக, கோபமே இல்லாமல். மறுபடி தப்பாக அழுத்தினால் மறுபடியும் சொல்கிறாய்.

உயிரோடிருந்தபோது நீ ஒரு விஷயத்தை ரெண்டு தரம் சொன்னது உண்டா? "ஒரு தரம் சொன்னா உனக்கு ஏறாதா அக்கா" என்று எரிந்து விழுவாய். இப்போது பார், எத்தனை முறை கேட்டாலும் சொல்கிறாய். அதனால் நான் தப்பாகவே அழுத்துகிறேன். தலையில் ரெண்டு புள்ளி வைத்த ஓ எழுத்தை நீ சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கிறது, உதட்டைக் குவித்துச் சொல்வது காதிலேயே தெரிகிறது. அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அன்றைக்கு விரிப்புகள் கொஞ்சம் கனம் குறைந்தாற்போல இருக்கின்றன.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன் அக்கா


கொய்வுயார்வி,
டிசம்பர் 6

நுப்பு,

இன்று சுதந்திர தினம். ஜன்னலில் ரெண்டு மெழுகுவத்தி வைத்திருக்கிறோம். லெம்பி தொலைக்காட்சியில் ஜனாதிபதி மாளிகை விருந்துக்கு வந்த பெரிய மனிதர்கள் கைகுலுக்குவதைப் பார்த்து, யார் கவுன் அசிங்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நேற்று எர்யா என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தாள். காபி கொடுத்தாள். காபி கொடுத்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நேராவே சொல்லிடறேன் ரையா. அக்டோபர்ல லெம்பிக்குப் பாதி எழுத்துக்கு மேல தெரிஞ்சுது. இப்ப அதுவும் போச்சு."

கணினியில் ஒரு கோட்டைக் காட்டினாள். அந்த விளையாட்டு ஒவ்வொரு அழுத்தலையும் எழுதி வைத்துப் பள்ளிக்கு அனுப்புமாம். கோடு மேலே ஏறி, பிறகு பனிச்சறுக்கு மலை மாதிரி இறங்கியிருந்தது. தப்பு அதிகமாக ஆக, விளையாட்டும் பிள்ளையைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டே போகுமாம்.

"வகுப்புலயும் படிக்கச் சொன்னா வாயத் திறக்கறதில்ல. அம்மாவ இழந்த பிள்ளை, நான் அவசரப்படல. ஆனா பக்கத்து ஊர்ப் பள்ளில சின்னக் குழு ஒண்ணு இருக்கு. எட்டே பிள்ளைங்க. டாக்ஸி வந்து கூட்டிட்டுப் போகும். பிப்ரவரி கடைசில பனிச்சறுக்கு விடுமுறை முடிஞ்சதும் அங்க அனுப்பலாம்னு எங்களுக்குத் தோணுது. நல்ல எடம்தான், பயப்படாதீங்க."

நான் தலையாட்டினேன்.

"வீட்டுல நல்லா விளையாட வைக்கறீங்க போலிருக்கு. மொத்தத்துல நெறைய நேரம் காட்டுது" என்றாள். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

நுப்பு, அந்த நாற்காலியில் நான், வாசிக்க வராமல் டீச்சரிடம் மாட்டிக்கொண்ட ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோட்டை இறக்கியது யார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்தப் பெண் என்னை என்னவென்று நினைப்பாள்? ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, பிள்ளை விளையாட்டைத் திருடி விளையாடி, அந்தப் பிள்ளையையே கீழே தள்ளியிருக்கிறாள். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் லெம்பியிடம் சொன்னேன். அவள் பூட்ஸைக் கழற்றாமல் நடையிலேயே நின்றாள்.

"டாக்ஸில போற பிள்ளைங்கள மத்தவங்க என்ன சொல்வாங்கன்னு ஒனக்குத் தெரியுமா பெரியம்மா?"

"என்ன சொல்வாங்க?"

"ஒனக்குத் தெரிய வேணாம். நான் போக மாட்டேன்."

"அப்ப எழுத்தப் படியேன்டி."

அவள் அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நான் இனி தொடப் போவதில்லை. நான் நிறுத்திவிட்டால் கோடு தானாக ஏறிவிடும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

ரையா


கொய்வுயார்வி,
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்

நுப்பு,

இன்று கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்திகள். பனியின் மேல் வெளிச்சம், பகல் மூன்று மணிக்கே இருட்டு. எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். உன் கல்லின் மேலிருந்த பனியைக் கையுறையால் தள்ளினேன். லெம்பி விளக்கை வைத்தாள், வைத்துவிட்டு உடனே போகலாம் என்றாள்.

"கொஞ்ச நேரம் அம்மாகிட்ட நில்லுடி."

"அம்மா இங்க இல்ல."

"பின்ன எங்க?"

தோளைக் குலுக்கிவிட்டு நடந்துவிட்டாள்.

பன்றித் தொடையை அடுப்பில் வைத்தேன், அளவு தெரியாமல் நீயும் சேர்த்துச் சாப்பிடுவது போல. மீதியை ஜனவரி வரை தின்போம்.

நான் காலையில் விளையாடுவதை நிறுத்திவிட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. ஆனால் பள்ளி மூடுவதற்கு முன் எர்யா போன் செய்தாள். கோடு ஏறவில்லையாம்.

உன் அக்கா


கொய்வுயார்வி,
ஜனவரி 18

என் நுப்பு,

சொல்லிவிட்டேன்.

பள்ளி திறந்த வாரமே, வேலைக்குப் போகிற வழியில் எர்யாவின் அறைக்குள் நுழைந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "காலைல விளையாடினது லெம்பி இல்ல. நான். வேணும்னே தப்பா அழுத்தினேன். அந்த விளையாட்டுல பேசறது என் தங்கச்சி. லெம்பியோட அம்மா."

எர்யா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அந்தக் குரலா?" என்றாள். "தினம் கேக்கறேனே அத. எத்தன வருஷமா. யாரு என்னன்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்லயே."

பிறகு நாற்காலியை இழுத்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "உங்க காலை நேரத்த எல்லாம் எடுத்துட்டுப் பார்ப்போம்" என்று எதையோ அழுத்தினாள். நான் நிம்மதியாக மூச்சு விடத் தயாராக இருந்தேன். கோடு கொஞ்சம் ஏறியது, ஆனால் அப்புறமும் இறங்கித்தான் இருந்தது.

எர்யா திரைக்குக் கிட்டே குனிந்தாள். "இத நான் முன்னாலயே பார்த்திருக்கணும். தெரியாத பிள்ளை தயங்கும் ரையா. இங்கயும் அங்கயும் தடுமாறும். இவ தயங்கவே இல்ல. டக்குனு அழுத்தறா, ஒவ்வொரு தடவையும் தப்பா. எது சரின்னு தெரிஞ்சாத்தான் இவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ண முடியும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்களே கேளுங்க" என்றாள். "நான் கேட்டா பயந்துக்கும்."

சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு உட்கார்ந்தபோது சவுனாவில் கேட்டேன். வேறு எங்கே கேட்பது? இருட்டில், சூட்டில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பேசுகிற இடம் அதுதான். அடுப்பின் சூடான கற்கள் மேல் தண்ணீர் ஊற்றினேன், சீறி அடங்கியது.

"லெம்பி, அந்த விளையாட்டுல பேசறது யாரு?"

"யாரோ ஒரு பொம்பள."

"எந்தப் பொம்பள?"

உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லிடாத பெரியம்மா. சொன்னா எடுத்துடுவாங்க."

"எர்யாகிட்டச் சொல்லிட்டேனே."

பிர்ச் கொத்தால் என் முழங்காலில் ஓங்கி அடித்தாள். "ஏன் சொன்ன! ஏன் சொன்ன! அது என்னுது!"

"நானும் உன்ன மாதிரியே தப்புத் தப்பா அழுத்திட்டிருந்தேன்டி. நீ ஸ்கூலுக்குப் போனதும்."

அடி நின்றது.

"நீயா? பெரியவங்க எல்லாம் அப்படிப் பண்ணுவாங்களா?"

"நான் பண்ணினேன்."

"அப்ப என் நட்சத்திரத்தையெல்லாம் தின்னது நீதானா!" என்று கத்தினாள். "நான் எண்ணி வச்சிட்டுப் போவேன், வந்து பார்த்தா கொறஞ்சிருக்கும். கம்ப்யூட்டர் பேய் பிடிச்சதுன்னு நெனச்சேன்!"

பிறகு ரெண்டு பேரும் சிரித்தோம் நுப்பு. நீ போனபிறகு நாங்கள் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு. சிரித்து முடித்ததும் அவள் என் ஈரத் தோளில் சாய்ந்து அழுதாள். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளாம். முதல் ஒலியிலேயே. அவளை விட எனக்கு மந்தமான காது.

திங்கட்கிழமை எர்யாவிடம் சொன்னேன். அவள் ஒரு காரியம் செய்தாள். லெம்பியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "இப்படியே நீ பின்னாடியே இருந்தா அம்மா வெறும் எழுத்துத்தான் சொல்வாங்க. முன்னால போனா வார்த்தை சொல்வாங்க. அதுக்கும் மேல போனா முழு வாக்கியமே பேசுவாங்க. அங்க வரைக்கும் போன பிள்ளைங்கதான் அதக் கேட்டிருக்கு" என்றாளாம்.

"நெசமாவா?"

"நான் பொய் சொன்னா என் கண்ணாடிய எடுத்துக்கோ."

டாக்ஸியைப் பற்றிப் பனிச்சறுக்கு விடுமுறைக்கு முன் முடிவெடுக்க வேண்டும். அதுவரை பொறுத்திருப்பதாக எர்யா சொன்னாள். எனக்கும் ஒரு தனிப் பேர் போட்டுக் கொடுத்திருக்கிறாள், இனி பிள்ளையின் நட்சத்திரத்தில் கை வைக்கக் கூடாது. படத்தை லெம்பி தேர்ந்தெடுத்தாள். முள்ளம்பன்றி.

ரையா


கொய்வுயார்வி,
மார்ச் 16

நுப்பு,

டாக்ஸி வரவில்லை. எர்யா போன் செய்து, "அந்த டாக்ஸிக்காரர் வேற யாரையாவது ஏத்திக்கட்டும்" என்றாள். போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்து குதிக்கத்தான் வயதில்லை.

உன் மகள் பாய்ந்து போகிறாள் என்று எழுதினால் பொய். ஊர்ந்துதான் போகிறாள். வேண்டுமென்று செய்த தப்புகளை நிறுத்தியபின் நிஜத் தப்புகள் வந்தன. அவளுக்கும் எழுத்துகள் நேராக நிற்பதில்லைதான். அழுதாள், ஹெட்போனை வீசினாள், "என்னால முடியல, அம்மா எதுக்கு இவ்வளவு தூரத்துல போய்ப் பேசறா" என்று கத்தினாள். மறுநாள் மறுபடி உட்கார்ந்தாள்.

இப்போது ஹெட்போன் கிடையாது. பிடுங்கிப் போட்டுவிட்டோம். நீ சமையலறையில் சத்தமாகவே பேசுகிறாய். மாடு என்கிறாய். படகு என்கிறாய். பட்டாணி என்கிறாய். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்கிறேன். போன வாரம் ஒரு நாள் "அம்மா" என்றாய்.

லெம்பி சரியான சொல்லை அழுத்தினாள். மணி அடித்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மாவே அம்மாங்கறா!" என்று மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நானும் விளையாடுகிறேன், என் பேரில், ஒழுங்காக. "பெரியம்மா, ஒன் முள்ளம்பன்றி இன்னும் குழியிலயே கெடக்கு. வார்த்தைக்கு எப்ப வரப்போற?" என்று நக்கல் செய்கிறாள். வருவேன். மேசையிலிருக்கும் காகிதங்களில் ரெண்டை நானே படித்துவிட்டேன். ஒன்று குப்பை வண்டி நாள் மாறியதைப் பற்றி. இன்னொன்று அதையே திரும்பச் சொல்லி வந்தது.

ஒரு பயம் இருக்கிறது. அதை லெம்பியிடம் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். முன்னால் போகப் போக நீ தீர்ந்துகொண்டு வருகிறாய். ஒவ்வொரு புதுச் சொல்லும் மிச்சத்தில் ஒன்று குறைவு. பின்னாலேயே நின்றிருந்தால் நீ முடியவே மாட்டாய். என்னை மட்டும் விட்டிருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன். பிள்ளையை அப்படி நிறுத்தி வைக்க முடியாதே.

ஏரியில் பனிக்கட்டி இன்னும் கெட்டிதான். ஆட்கள் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

உன் அக்கா
ரையா


கொய்வுயார்வி,
மே 31

என் நுப்பு,

இன்று பள்ளி முடிந்தது. வசந்த விழா. லெம்பிக்கு உன் நீலக் கவுனைப் பிரித்துத் தைத்துப் போட்டுவிட்டேன். தையல் ஒரு பக்கம் கோணல், யாரும் பார்க்கவில்லை.

முந்தின வாரமே அவள் விளையாட்டின் கடைசிப் படிக்கு வந்துவிட்டாள். அங்கே வாக்கியங்கள். நீ சொல்வாய், அவள் விழுகிற சொற்களைப் பிடித்து வரிசையாக அடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று: "கரடியின் தொப்பி ஏரியில் மிதக்கிறது." அதைச் சொல்லி முடித்தபின், நுப்பு, நீ சிரிக்கிறாய். பெரிய சிரிப்பு இல்லை. மூக்கால் ஒரு சின்ன மூச்சு, அதை அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொன்று. வெட்டி எடுக்க யாரோ மறந்திருக்கிறார்கள். அதோடு திரையில் வாணவேடிக்கை, வாழ்த்து, முடிந்தது.

"இன்னொரு தடவ" என்றாள் லெம்பி. கேட்டோம். "இன்னொரு தடவ." கேட்டோம். பிறகு அவளே மடிக்கணினியை மூடினாள்.

விழாவில் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மேடையேறி, தனக்குப் பிடித்த ஒரு வரியை அட்டையில் எழுதிக் கொண்டுவந்து வாசித்தார்கள். ஒருவன் தன் நாயைப் பற்றி வாசித்தான். ஒருத்தி கோடை மலர்களைப் பற்றி. லெம்பியின் முறை வந்தது. அவள் ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"கரடியின். தொப்பி. ஏரியில். மிதக்கிறது."

வாசித்து முடித்துவிட்டுச் சிரித்தாள். மூக்கால் ஒரு சின்ன மூச்சு, பிறகு இன்னொன்று. அதுவும் வாசிக்க வேண்டியதில் ஒரு பகுதி என்பதுபோல.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. குழந்தைக்கு வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். சுவரோரம் நின்ற எர்யா மட்டும் சிரிக்கவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். பனிக்கட்டி உருகித் தண்ணீர் தெரிய ஆரம்பித்து ரெண்டு வாரமாகிறது.

"சரியா வாசிச்சேனா பெரியம்மா?"

"சரியா வாசிச்ச."

"சிரிப்பும்?"

"சிரிப்பும்."

ஐஸ்கிரீமைச் சுற்றிச் சுற்றி நக்கிக்கொண்டு யோசித்தாள். "அம்மா எதுக்கு அங்க சிரிச்சா?"

"கரடி தொப்பி போட்டா சிரிப்பு வராதா?"

"போ பெரியம்மா. அது தொப்பிக்குச் சிரிச்ச சிரிப்பு இல்ல. யாரையோ பார்த்துச் சிரிச்சது."

அவள் சொல்வது சரி. உன் சிரிப்புகள் எல்லாம் எனக்குத் தெரியும், நான் தூக்கி வளர்த்தவை. வேடிக்கைக்குச் சிரிப்பது இல்லை இது. எதிரில் ஒருவர் இருந்திருக்கிறார். ஏதோ முகம் காட்டியிருக்கிறார், அல்லது சும்மா உன்னைப் பார்த்திருக்கிறார். நீ சந்தோஷமாக இருந்திருக்கிறாய், அதை என்னிடம் சொல்லவில்லை.

பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் நுப்பு, அன்றைக்கு அந்த அறையில் உன்னைச் சிரிக்க வைத்தது யார்?